விளக்குமாற்றில் சுட்ட கோழி

நான் விளக்குமாற்றில் கோழி சுட்டவன். வேறு யாராவது சொல்லி நீங்கள் கேள்விப்பட முதல் நானே சொல்லிவிடுகிறேன்.

நான் அதிகம் எழுதுகிறவன் இல்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் சரி. பிறகு கடலில் மீன்பிடி. பிறகு ஒஸ்ரேலியாவுக்கு வள்ளம். இப்போது சிட்னியில், குவேக்கர்ஸ் ஹில்லில், ஒரு வீட்டின் பின்வளவில் கட்டின சின்ன வீட்டில் இருக்கிறேன். வீடுகளுக்குப் பெயின்ற் அடிக்கிற வேலை. கூட இருப்பவன் யோகன். யாழ்ப்பாணத்துப் பெடியன். வாய் கூட. எனக்கும் சேர்த்து அவன்தான் கதைப்பான்.

மனுசி ஜெசிந்தாவும் மகள் ஸ்ரெலாவும் மன்னாரில். நான் வெளிக்கிடும்போது ஸ்ரெலாவுக்கு நாலு வயது. என்னிடம் ஒரு விசா இருக்கிறது. அதில் வேலை செய்யலாம். அவர்களைக் கூப்பிட ஏலாது. நான் போனால் திரும்பி வர ஏலாது. (இதை விளக்க லோயருக்கே ஒரு மணித்தியாலம் வேணும். நான் விடுகிறேன்.)

இந்தக் கதை அவளுடைய பன்னிரண்டாவது பிறந்தநாளில் நடந்தது. தை மாதம். ஞாயிற்றுக்கிழமை.

இரண்டு கிழமைக்கு முதல் போனில் கேட்டேன், என்ன வேணும் என்று. சட்டை கேட்பாள் என்று நினைத்தேன். ஒன்றும் வேண்டாம் என்றாள். கொஞ்சம் பொறுத்துச் சொன்னாள்:

"அப்பா, நீங்கள் சாப்பிடுறதை நான் பாக்கவேணும்."

நான் நெடுகச் சாப்பிடுகிறேன்தானே என்றேன்.

"நான் எப்ப எடுத்தாலும் சாப்பிட்டிட்டன் எண்டுதான் சொல்லுவீங்கள். நீங்கள் எப்பிடிச் சாப்பிடுவீங்கள் எண்டு எனக்கு ஞாபகம் இல்லை."

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

அவள் சொன்னது சரி. அவர்கள் மத்தியானம் சாப்பிடும்போது எனக்குப் பின்னேரம் ஆறு மணி. நான் சாப்பிடும்போது அவள் பள்ளிக்கூடத்தில். எட்டு வருடத்தில் ஒரு நாளும் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பசித்ததில்லை.

திட்டம் முழுக்க அவளுடையது. போனில் ஒரு வீடியோ பார்த்திருக்கிறாள். கோழித்துண்டு, வெங்காயம், கறிமிளகாய், தக்காளி எல்லாவற்றையும் மாறி மாறிக் குச்சியில் குத்தி, கரியில் சுடுகிறார்கள். அதை அங்கேயும் இங்கேயும் ஒரே நேரத்தில் சுட்டு, போனுக்கு முன்னால் இருந்து முதல் வாயை ஒன்றாக வைக்கவேண்டும். பட்டியல் எழுதி அனுப்பினாள். தயிர், தேசிக்காய், மிளகாய்த்தூள், உள்ளி, இஞ்சி. லேசான வேலை என்று சொன்னேன். (பொய். எனக்குத் தெரிந்தது சோறும் பருப்பும் மீன்குழம்பும். கோழியைத் துரத்திப் பிடிக்கத் தெரியும். அதற்கு மேல் இல்லை.)

குச்சியில்தான் பிரச்சினை வந்தது. வீடியோவில் மூங்கில் குச்சி. அவர்கள் கேட்ட கடைகளில் அது இல்லை. பரவாயில்லை, தென்னை ஈர்க்கு மூன்றைச் சேர்த்துக் குத்தலாம் என்று ஜெசிந்தா சொல்லியிருக்கிறாள்.

"அப்பா, நீங்களும் ஈர்க்கிலதான் குத்தவேணும். அப்பத்தான் ரெண்டும் ஒண்டு," என்றாள் ஸ்ரெலா.

நான் ஓம் என்றுவிட்டேன்.

இங்கே கடையில் நூறு மூங்கில் குச்சி ஒரு பைக்கற்றில் கிடக்கிறது. எடுத்தேன். பார்த்தேன். திருப்பி வைத்தேன். ஓம் என்று சொன்னது சொன்னதுதான்.

சிட்னியில் தென்னை ஈர்க்கைத் தேடிப் பாருங்கள். தெரியும். நான் பெயின்ற் அடித்த வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் தென்னை மாதிரி ஒரு மரம் நின்றது. மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். அந்த வீட்டுக்காரி வெளியே வந்தா. நான் மதிலைத் தடவிப் பார்த்து, பெயின்ற் காய்ந்திருக்கிறது என்பது போலத் தலையாட்டினேன். அந்த மதிலுக்கு நான் பெயின்ற் அடிக்கவே இல்லை.

கடைசியில் எங்கள் ஆட்களின் கடை ஒன்றில் கிடைத்தது. மூலையில், சாம்பிராணிப் பெட்டிகளுக்குப் பின்னால், புது ஈர்க்கு விளக்குமாறு. கடைக்காரர் தடியும் போட்டுத் தரவா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். தடி இல்லாமல் எப்படிக் கூட்டுவீர்கள் என்றார். கூட்டுறதுக்கு இல்லை என்றேன். அவர் மிச்சக் காசை, சூனியக்காரனுக்குக் கொடுக்கிற மாதிரி, என் கையில் படாமல் மேசையில் வைத்தார்.

வீட்டில் குசினித் தொட்டிக்குள் விளக்குமாற்றைப் போட்டு, பாத்திரம் கழுவுகிற சோப்பால் மூன்று தரம் கழுவினேன். யோகன் வாசலில் நின்று பார்த்தான்.

"அண்ணை, விளக்குமாத்தால அடி வாங்கின ஆக்களை எனக்குத் தெரியும். அதில விருந்து வைக்கிற ஆளை இண்டைக்குத்தான் காணுறன்."

கழுவியும் ஒரு மணம் போகவில்லை. மருந்தில் தோய்க்காமல் இந்த நாட்டுக்குள் ஒரு துரும்பும் வராது என்றான் யோகன். மருந்து என்றால் நல்லதுதானே, கிருமி இருக்காது என்றேன். (அந்த நேரத்து மூளை.) மணம் போகட்டும் என்று இரண்டு நாள் வெயிலில் காயப் போட்டேன். இதை மறக்காமல் வைத்திருங்கள். அவர்களுடைய ஈர்க்கு பிறந்தநாளன்று காலை மரத்தில் வெட்டின பச்சை ஈர்க்கு. என்னுடையது கப்பலில் காய்ந்து, கடையில் காய்ந்து, பிறகு என்னிடமும் காய்ந்தது. நான் விறகு தயாரித்திருக்கிறேன். அதில் கோழியைக் குத்தப் போகிறேன்.

பிறந்தநாள் விடிந்தபோதே சுட்டது. மத்தியானம் நாற்பத்திரண்டு பாகை. பேக்கரிப் போறணைக் கதவைத் திறந்த மாதிரி காற்று. ஒரு குருவி இல்லை. தெருவில் ஆள் இல்லை. இவ்வளவு காற்றுக்குக் கரி லேசாகப் பிடிக்கும் என்று சந்தோசப்பட்டேன்.

முன்வீட்டுக்காரர் கடற்கரைக்குப் போய்விட்டார்கள். யோகன் வேலைக்குப் போய்விட்டான். நான் பழைய தகர டிரம் ஒன்றைப் பாதியாக வெட்டி வைத்திருந்தேன். அதில் கரியைப் போட்டேன். நல்ல சேர்ட் போட்டேன். போனை ஒரு கதிரையில், வாளியில் சாத்தி வைத்தேன். (வெறும் வாளி. அதில் தண்ணி இருந்திருந்தால் எனக்கு எழுத ஒன்றும் இருந்திருக்காது.)

ஆறு மணி. போனில் ஸ்ரெலா புதுச் சட்டையோடு. பக்கத்தில் ஜெசிந்தா. பின்னால் பக்கத்து வீட்டு ஆட்கள், அவர்களின் பிள்ளைகள், பாயில் ஒரு பத்துப் பேர். அந்தோனி (நான்தான்) ஒஸ்ரேலியாவில் சமைக்கிறதைப் பார்க்க வந்திருக்கிறார்கள். அவர்களுடைய கோழி சிரட்டைக் கரியில் அழகாகச் சிவந்து வருகிறது. ஸ்ரெலா திருப்பித் திருப்பிக் காட்டினாள்.

ஈர்க்கைத் தண்ணியில் ஊறப்போட்டீர்களா என்று கேட்டாள். வீடியோவில் அரை மணித்தியாலம் என்று சொல்லியிருக்கிறார்களாம். ஓம் என்றேன்.

என் கோழி ஈரச்சாரத்தைக் கொடியில் போட்ட மாதிரி ஈர்க்கில் தொங்கியது. தூக்கி டிரம்மில் வைத்தேன். வாசத்துக்கு என்று தேங்காய் எண்ணெய் பூசினேன். தாராளமாக.

"இஞ்சரப்பா, நெருப்புக் கூடுது," என்றாள் ஜெசிந்தா.

"அப்பிடித்தான் கூடவேணும்," என்றேன்.

ஈர்க்கின் நுனிகள் பற்றின. பிறகு நடு. துண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கரிக்குள் விழுந்தன. ஒவ்வொன்றும் தன் எண்ணெயோடு விழுந்தது. நெருப்பு என் நெஞ்சு மட்டத்துக்கு வந்தது. நான் பயப்படவில்லை. கையில் இருந்ததை எடுத்து அடித்து அணைக்கப் பார்த்தேன். கையில் இருந்தது விளக்குமாற்றின் மிச்சப் பாதி.

அதுவும் ஈர்க்கு.

இப்போது நான் எரிகிற விளக்குமாற்றோடு நிற்கிறேன். காற்றுக்குப் பொறி வேலிக்கு மேலால் போகிறது. போனுக்குள் யாரோ ஒருவர், அந்தோனி விளக்குமாத்தோட ஆடுறான் என்று சொன்னது கேட்டது. பக்கத்து வீட்டுக் கிழவரின் தலை வேலிக்கு மேலால் வந்தது. என்னைப் பார்த்தது. உடனே போய்விட்டது.

ஐந்து நிமிடம் இருக்காது. சைரன்.

தீயணைப்பு லொறி வந்து நின்றது. நாலு பேர் முழு உடுப்போடு பின்வளவுக்குள் வந்தார்கள். மன்னாரில் பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்கு யூனிபோர்மைக் கண்டால் கால் தானாக நிற்கும். பழைய பழக்கம். விசா போச்சு என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன். எரிகிற விளக்குமாற்றைக் கீழே போடவேண்டும் என்றுகூட நினைக்கவில்லை. அதை ஒருவர் மெதுவாக என் கையில் இருந்து வாங்கினார்.

டிரம்முக்குத் தண்ணி அடித்தார்கள். கோழி நீந்தியது.

பெரியவராக வந்தது ஒரு பெண். என்னை விட ஒரு அடி உயரம். இந்த வெயிலுக்கும் காற்றுக்கும் இன்றைக்கு மாநிலம் முழுக்க நெருப்புத் தடை, ஒரு நெருப்புக்குச்சியும் தட்டக்கூடாது, நேற்றில் இருந்து ரேடியோவில் சொல்கிறார்கள், தெரியாதா என்று கேட்டா. இது எனக்கு விளங்கினது பிறகுதான். அந்த நேரம் என் இங்கிலிஸ் பெயின்ற் இங்கிலிஸ். செக்கன்ட் கோட், நோ வொறிஸ், சொறி மேற். மூன்றையும் சொன்னேன். அவ விளக்குமாற்றைத் தூக்கிக் காட்டி, இது என்ன என்று கேட்டா. சிக்கின் என்றேன்.

அப்போது கதிரையில் இருந்து ஒரு சத்தம். ஸ்ரெலா. எழும்பி நின்று, பள்ளிக்கூடத்தில் பேச்சுப்போட்டிக்கு நிற்கிற மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டு, இங்கிலிஸில் சொன்னாள். எனக்கு அரைவாசிதான் பிடிபட்டது. அவளே பிறகு தமிழில் சொன்னாள்.

"மேடம், அவர் என்ர அப்பா. கூடாத ஆள் இல்லை. இண்டைக்கு எனக்குப் பிறந்தநாள். நாங்கள் எட்டு வருசமாச் சேந்து சாப்பிடேல்லை. அதுதான்."

நான் எட்டு வருடம் இருக்கிற நாட்டில், எனக்காக வாய் திறந்தது அந்த நாட்டைக் காணாத பிள்ளை. நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நிலம் சேறு.

அந்தப் பெண் ஹெல்மெற்றைக் கழற்றினா. கதிரைக்கு முன்னால் குந்தி இருந்து, போனைப் பார்த்துப் பிறந்தநாள் வாழ்த்துச் சொன்னா. பிறகு எழும்பி என் குசினியைக் கையால் காட்டினா. கறன்ற் அடுப்பு. அதில் சமை என்கிறா. தண்டப்பணம் ஒன்றும் எழுதவில்லை. போய்விட்டார்கள்.

(யோகன் அந்த நேரம்தான் வேலை முடிந்து வந்திருக்கிறான். லொறியைக் கண்டவுடன், இந்த வீட்டுக்கும் தனக்கும் சம்பந்தம் இல்லாத மாதிரி நேரே நடந்து போய்விட்டான். ஒரு மணித்தியாலம் கழித்துக் கொத்துரொட்டிப் பார்சலோடு வந்தான்.)

மன்னாரில் அவர்களுடைய கோழி ஆறிக்கொண்டிருந்தது. சாப்பிடு பிள்ளை, இங்கே ஒன்றும் மிச்சம் இல்லை என்றேன்.

"நான் தொடேல்லை. நீங்கள் வாங்கோ."

டிரம்மில் துழாவினேன். ஓரத்தில் ஒரு ஈர்க்கு அரைவாசி எரிந்து கிடந்தது. அதில் ஒரு கோழித்துண்டும் ஒரு கறிமிளகாயும். ஒரு பக்கம் கரி. மறுபக்கம் தண்ணி. பிய்த்துப் பார்த்தேன். உள்ளுக்குள் வெந்திருந்தது. சேற்றில் இன்னொரு கதிரையை இழுத்துப் போட்டு, போனுக்கு முன்னால் இருந்தேன். நல்ல சேர்ட் முழுக்கச் சாம்பல்.

எண்ணினாள். ஒண்டு, ரெண்டு, மூண்டு. நான் வாயில் வைத்தேன். உப்பு இல்லை. மிளகாய் இல்லை. புகை மட்டும். அவள் கையில் எடுத்ததை அப்படியே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"சாப்பிடன்," என்றேன்.

"பொறுங்கோ. பாக்கிறன்."

நான் சப்பினேன். பிறகு அவள் தாயின் தோளில் தட்டினாள்.

"அம்மா, அப்பாவும் இடப்பக்கத்தாலதான் சப்புறார். என்னை மாதிரி."

ஜெசிந்தா முகத்தை அங்கால் திருப்பினாள்.

வலப்பக்கத்தில் எனக்கு இரண்டு பல் போய்க் கனகாலம். அதை நான் வீட்டில் சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை. யோகன் இப்போதும் கேட்கிறான், ஏன் அண்ணை பல்லுக் கட்டாமல் திரிகிறீர்கள் என்று. பிறகு பார்ப்பம் என்பேன்.

அன்று பொழுதுபட முதல் ஊர் முழுக்கக் கதை போய்விட்டது. கோயிலடியில் ஒரு வீடு எரிந்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். சந்தையடியில் அது ஒரு தெரு. அடுத்த ஞாயிறு பூசையில், தூர தேசத்தில் நெருப்பில் அகப்பட்ட சகோதரனுக்காக என்று மன்றாட்டே வைத்தார்களாம். ஜெசிந்தா தலையைக் குனிந்துகொண்டு, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்று எல்லோரோடும் சேர்ந்து சொன்னாளாம்.

ஸ்ரெலாவுக்கு இப்போது பதினாறு முடியப் போகிறது. இன்னும் அங்கேதான். நான் இன்னும் இங்கேதான். அன்றில் இருந்து அவளுக்கு ஒரு பழக்கம். காலையில் எழும்பினவுடன் போனில் சிட்னியின் வெயிலையும் காற்றையும் பார்ப்பாள். பிறகு எனக்கு ஒரு மெசேஜ் போடுவாள். இன்றைக்குத் தடை, நெருப்புக்குக் கிட்டப் போகாதீர்கள் என்று. அல்லது, தடை இல்லை என்று. ஒரு நாளும் தவறினதில்லை. வீட்டில் அதுதான் பகிடி. ஜெசிந்தாவும் போனை வைக்கும்போது, அடுப்படிப் பக்கம் போறதெண்டால் மகளிட்டக் கேட்டிட்டுப் போங்கோ என்பாள். என்னோடு வேலை செய்கிறவர்களுக்கு இங்கத்தைய வெயில் ரேடியோவில் இருந்து தெரியும். எனக்கு மன்னாரில் இருந்து.

போன கிழமை இங்கே நாலு நாள் விடாத மழை. குளிர். வேலை இல்லை. ஜன்னலடியில் இருந்தேன். போன் சத்தம் போட்டது.

"அப்பா, இண்டைக்குத் தடை இல்லை. வடிவாச் சுடுங்கோ."

ஓம் என்று போட்டேன். பிறகு யோசித்து, நீ சாப்பிட்டியா என்று கேட்டேன்.

"இன்னும் இல்லை. நீங்கள் இருங்கோ, வாறன்," என்று வந்தது.

நான் எழும்பிச் சாப்பாட்டுக் கோப்பையைக் கழுவினேன்.