மிசோ சூப்புல உப்பு கூடினா உயில் மாறும்

உலகத்துல உயில் எழுதறவங்க ரெண்டு ரகம். ஒரு தடவை எழுதி, முத்திரை குத்தி, பீரோவுல வச்சுப் பூட்டிட்டு, அப்புறம் மீன் மார்க்கெட்டுக்குப் போறது, மூட்டுவலிக்கு ஒத்தடம் குடுக்கறதுன்னு மிச்சக் காலத்தை ஓட்டறவங்க ஒரு ரகம். அவங்களால யாருக்கும் தொந்தரவு இல்ல, அதனால அவங்களைப் பத்தி எழுதவும் ஒண்ணும் இல்ல.

இன்னொரு ரகம் இருக்கு பாருங்க. உயிலை மாத்தற ரகம்.

இதைக் கண்டுபிடிக்கறது ரொம்ப சுலபம். பெரிய பணக்காரரா இருக்கணும்னு இல்ல. ஓடு போட்ட ஒரு வீடும் பின்னாடி நாலு கமலா ஆரஞ்சு மரமும் இருந்தா போதும். எல்லாரும் சாப்பிட உட்கார்ந்து, முதல் வாய் உள்ள போனதும், இது தொண்டையைச் செருமும். சாப்பிடற குச்சி ரெண்டையும் கிண்ணத்து மேல குறுக்க வைக்கும். மரியாதை தெரிஞ்சவங்க யாரும் அப்படி வைக்க மாட்டாங்க, ஆனா உயில் கையில இருக்கறவருக்கு மரியாதை எதுக்கு? அப்புறம் ஜன்னலைப் பார்த்துக்கிட்டு, வெளிய போற காக்காகிட்ட சொல்ற மாதிரி சொல்லும்: "வக்கீலம்மாவை ஒரு எட்டு பார்த்துட்டு வரணும்."

அவ்வளவுதான். சாப்பாடு நின்னு போகும். போன வாரம் நாம என்ன பேசினோம், எப்போ சிரிச்சோம், எப்போ சிரிக்காம விட்டோம்னு ஆளாளுக்கு மனசுக்குள்ள தேட ஆரம்பிப்பாங்க.

மட்சுயாமாவுல, டிராம் திரும்பற முக்குல இருக்கே ஒகுமுரா வீடு, அந்த வீட்டுப் பெரியவர் இவாவோ இந்த ரகத்துல ராஜா. தண்ணி ஆபீஸ்ல குழாயைத் திறக்கறதும் மூடறதுமா வேலை பார்த்தவர். ரிட்டயர் ஆனதும் திறக்க மூட ஒண்ணும் இல்லாம போச்சா? உயிலைப் பிடிச்சுக்கிட்டார்.

சின்ன மகன் நோபுயா ஒசாகாவுலேருந்து புது வருஷத்துக்கு வரலையா? வீடு மக ரிட்சுகோவுக்கு. ரிட்சுகோ போன்ல "அப்புறம் பேசறேன்ப்பா"ன்னு வச்சுட்டாளா? வீடு திரும்ப நோபுயாவுக்கு, ஆரஞ்சு மரம் கோயிலுக்கு. கோயில் சாமியார் அவர் சம்சாரத்தோட திதிக்கு வந்து மந்திரத்தை ரயிலுக்கு நேரமான மாதிரி ஓட்டிட்டாரா? கோயிலுக்கு ஒரு காய் கிடையாது. இதையெல்லாம் ரகசியமா செய்வார்னு நினைக்காதீங்க. ரகசியமா வச்சா அந்த உயிலால என்ன பிரயோஜனம்? சாயங்காலமே சாப்பாட்டு மேஜையில அறிவிப்பு வந்துடும்.

இந்த அறிவிப்பை எல்லாம் ஒரு ஆளு உட்கார்ந்து கேட்டாகணும் இல்ல? அது கனாயே. மூத்த மகன் யூசாகுவோட பொண்டாட்டி. யூசாகு போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆச்சு. கனாயே போகல. மாமனாருக்குச் சோறாக்கி, துணி துவைச்சு, புத்தர் மாடத்துல தினமும் புருஷன் படத்துக்கும் மாமியார் படத்துக்கும் சோறு வச்சு, அங்கேயே இருக்கா. அவளுக்குப் போக வேற இடமும் கிடையாது. அந்த ஊர் சட்டத்துல, புருஷன் முன்னாடியே போயிட்டா, மருமகளுக்கு மாமனார் வீட்டுல ஒரு ஓடு கூடப் பங்கு இல்ல. பெரியவர் உயில்ல எழுதினா உண்டு. எழுதலைன்னா, அவர் காரியம் முடிஞ்ச மறுநாள் மூட்டை கட்ட வேண்டியதுதான். நோபுயா ஏற்கெனவே சொல்லிட்டான், வீட்டை இடிச்சுட்டு கார் நிறுத்தற இடமா வாடகைக்கு விடப் போறானாம்.

யூசாகு போனப்பவே வக்கீல் ஹோஷினா அம்மா தலைபாடா அடிச்சுக்கிட்டாங்க. "பெரியவரே, வீட்டுல ஒரு சாவு, ஒரு பிறப்பு, ஒரு கல்யாணம்னா உயிலை எடுத்துத் தூசி தட்டணும். இப்போதான் நிஜமா மாத்த வேண்டிய நேரம்." அப்போ மட்டும் ஆள் மாத்தல. "துக்க வீட்டுல உயிலாவது ஒண்ணாவது"ன்னுட்டார். சூப்புல உப்பு கூடினா மாத்துவார், மகன் செத்தா மாத்த மாட்டார். இந்த ரகத்தோட மூளை அப்படி.

கனாயேவுக்கு நாக்கு கொஞ்சம் நீளம். மீன்காரன் முதல் முனிசிபாலிட்டி வரைக்கும் யாரையும் விடமாட்டா. ஆனா இந்த ஒரு விஷயத்துல வாயைத் திறக்க முடியாது. ஏன்னா இந்த ரகத்துகிட்ட ஒரு விதி உண்டு: கேட்டவங்களுக்குக் கிடையாது. "மாமா, எனக்கு ஒரு வழி பண்ணுங்க"ன்னு சொன்னா முடிஞ்சது. "ஓஹோ, அதுக்குத்தான் சோறு போடறியா?"ன்னு கிளம்பிடுவார்.

அப்புறம் அந்த முத்திரை. அங்கே நாம எவ்வளவு அழகா கையெழுத்து போட்டாலும், பேர் பொறிச்ச முத்திரையைக் குத்தினாதான் காகிதத்துக்கு உயிர். பெரியவர் தன் முத்திரையை யாரும் எடுத்துடக் கூடாதுன்னு அலமாரி, மாடம், அரிசிப் பீப்பாய்னு ஒளிச்சு ஒளிச்சு, கடைசில ஒரு இடம் கண்டுபிடிச்சார் பாருங்க. சமையலறைத் தரைக்கு அடியில இருக்கற ஊறுகாய் ஜாடி. அரிசித் தவிடும் உப்பும் பிசைஞ்சு, உள்ள வெள்ளரிக்காயும் கத்திரிக்காயும் புதைச்சு வைக்கற ஜாடி. முத்திரையை பிளாஸ்டிக் பையில சுத்தி அதோட அடியில அமுக்கிட்டார். ஈரத் தவிட்டுக்குள்ள எந்தத் திருடன் கையை விடுவான்?

திருடன் விடமாட்டான் சாமி. ஆனா அந்த ஜாடியை தினமும் அடி வரைக்கும் கையை விட்டுக் கிளறாட்டி ஊசிப் போகும். கிளறறது யாரு?

கனாயே ஒண்ணும் கேட்டுக்கல. அவர் இடுக்கியால முத்திரையை எடுத்த நாள் எல்லாம் அவளுக்குத் தெரியும். தவிட்டைத் திரும்பத் தட்டிச் சமமா விட அவருக்கு வராது, பன்னி நோண்டின தோட்டம் மாதிரி விட்டு வச்சிருப்பார். "சரி, இன்னிக்கு யாரோ வீடு இழந்தாங்க"ன்னு சொல்லிக்கிட்டு தட்டி விடுவா. வக்கீல் ஆபீஸ்லயும் தெரியும். ஒகுமுரா உயில் வந்தா கத்திரிக்காய் வாசனை வரும்னு அங்கே ஒரு பேச்சு.

இப்படி இருக்கறப்போ பெரியவருக்கு நெஞ்சுல வலி வந்துது. ஆஸ்பத்திரியில இதய வால்வு பழுது, ஆபரேஷன் பண்ணணும்னுட்டாங்க. ஒசாகாவுக்கும், ரிட்சுகோ இருக்கற நகோயாவுக்கும் போன் போச்சு. நோபுயாவுக்கு மீட்டிங், ரிட்சுகோவுக்குப் பிள்ளையோட பரீட்சை. கனாயேதான் விடியறதுக்கு முன்னாடியே போய் வரிசையில நின்னு நம்பர் வாங்கினா. அன்னிக்குச் சாப்பிடும்போது பெரியவர் தொண்டையைச் செருமினார்.

"கனாயே."

"உப்பு சரியாத்தான் இருக்கு மாமா. நான் ருசி பார்த்துட்டேன்."

"சூப்பை யாரு சொன்னா? வீடு உனக்குத்தான். எழுதிட்டேன்."

கனாயே கரண்டியைக் கீழ வச்சா.

"வக்கீலம்மா எழுதினாங்களா?"

"அந்த அம்மா போன தடவை நான் பேசும்போது கொட்டாவி விட்டுச்சு. அதுகிட்ட யாரு போவா? நானே எழுதினேன்."

எடுத்துக் காட்டினார். தங்கத் தூள் தெளிச்ச கல்யாணப் பத்திரிகைக் காகிதம். பிரஷ்ஷால எழுதின எழுத்து கொக்கு வரிசை மாதிரி அழகு. பேரு, முத்திரை, எல்லாம் இருக்கு. கடைசில, பத்திரிகையில போடற மாதிரியே, "ஆறாம் மாதம், சுபதினத்தில்"னு முடிச்சிருந்தார். அந்த ஆளு நாள் பார்க்காம நகம் கூட வெட்ட மாட்டார். அவங்க காலண்டர்ல ஒவ்வொரு நாளுக்கும் ஒரு ராசி போட்டிருக்கும்: முழுக்க நல்ல நாள், முழுக்க ஆகாத நாள், காலையில மட்டும் நல்ல நாள், இப்படி ஆறு வகை. நல்ல நாளாப் பார்த்து எழுதினதைப் பெருமையா சுபதினம்னே போட்டுட்டார்.

ஆஸ்பத்திரியில சேர்க்கறதுக்கு முந்தின நாள் காலையில, கனாயே பையைக் கட்டிக்கிட்டே வக்கீலம்மாவுக்கு ஒரு போன் போட்டா.

"கொட்டாவிக்காக மன்னிப்பு கேட்டுக்கறேன்"னாங்க ஹோஷினா அம்மா. "தேதி என்ன போட்டிருக்கார்?"

"நல்ல நாள்னு போட்டிருக்கார்."

"எந்த நல்ல நாள்?"

"அது போடல."

"கனாயே, தேதி இல்லாத உயில் செல்லாது. அந்த மாசத்துல நல்ல நாள் எத்தனை வருது, இவர் எதைச் சொல்றார்னு கோர்ட்டு ஜோசியமா பார்க்கும்? போன தடவை என்கிட்ட எழுதினதுதான் நிக்கும்."

"அதுல வீடு யாருக்கு?"

"நோபுயாவுக்கு."

மறுநாள் காலையில பெரியவரை ஆஸ்பத்திரியில சேர்க்கணும். கனாயே போனைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. போய்ச் சொன்னா அவ கேட்ட மாதிரி ஆயிடும். சொல்லாட்டி தெரு. வக்கீலம்மாவே, "நீ வாயைத் திறக்காதே, நான் வரேன்"னு சொல்லிட்டு டிராம் பிடிச்சு வந்தாங்க.

பெரியவர் படுக்கையில சாஞ்சபடி எல்லாத்தையும் கேட்டார். காலண்டரைப் பார்த்தார்.

"நேத்து முழுக்க நல்ல நாள். நேத்து வந்திருக்கக் கூடாதா? இன்னிக்கு ஆகாது. ஆஸ்பத்திரிலேருந்து வந்து, அடுத்த நல்ல நாள்ல எழுதிக்கலாம்."

"திரும்பி வருவோம்னு எழுதிக் குடுங்களேன்"னாங்க வக்கீலம்மா.

"அபசகுனமா பேசாதே!"

கனாயேவுக்கு அதுக்கு மேல அடக்க முடியல. "மாமா, சாகறவன் எவனாவது நாள் பார்த்து சாகறானா? உங்க மகன் செத்தது முழுக்க நல்ல நாள்ல. காலண்டர் என்ன பண்ணுச்சு?"

வக்கீலம்மா தன் கைப்பையைப் பார்த்தாங்க. வீடு போச்சுன்னு கனாயே முடிவே பண்ணிட்டா. பெரியவர் காலண்டரையே பார்த்துக்கிட்டு இருந்தார், ரொம்ப நேரம்.

"இன்னிக்கு நடுப்பகல் மட்டும் பரவாயில்லைன்னு போட்டிருக்கு"ன்னார் மெதுவா. "மணி என்ன?"

ஓட்டமா ஓடினாங்க. காகிதம் வந்துது, மை வந்துது, தலைகாணி முதுகுக்குப் போச்சு. வரிக்கு வரி கொக்கு வரிசை போடறதுக்குள்ள வக்கீலம்மா மூணு தடவை கடிகாரத்தைப் பார்த்தாங்க. வருஷம், மாசம், நாள், எல்லாம் ஒழுங்கா எழுதினார். பேரு எழுதினார். பிரஷ்ஷைக் கீழ வச்சுட்டு எல்லாரையும் ஒரு முறை முறைச்சார்.

"வெளிய போங்க. முத்திரை எடுக்கணும்."

"எழுந்து நிக்கவே முடியல, எங்க போய் எடுப்பீங்க?"ன்னாங்க வக்கீலம்மா.

"அது என் ரகசியம்."

நடுப்பகல் போய்க்கிட்டே இருக்கு. கனாயே சமையலறைக்குப் போனா, தரைப் பலகையைத் தூக்கினா, முழங்கை வரைக்கும் கையை விட்டா, முத்திரையை எடுத்து ஏப்ரன்ல துடைச்சுக் கொண்டு வந்து காகிதத்துக்குப் பக்கத்துல வச்சா. கையில இன்னும் தவிடு ஒட்டியிருக்கு.

பெரியவர் முத்திரையைப் பார்த்தார். அவ கையைப் பார்த்தார்.

"எப்போலேருந்து தெரியும்?"

"நீங்க வச்ச மறுநாள் காலையிலேருந்து."

"நீ நினைச்சிருந்தா…"

"நான் வெள்ளரிக்காய் எடுக்கத்தான் கையை விடறேன் மாமா."

பெரியவர் சிவப்பு மையில முத்திரையைத் தொட்டு, ரெண்டு கையாலயும் அமுக்கிக் குத்தினார். குத்தினப்புறமும் கையை எடுக்கல. வக்கீலம்மா காகிதத்தை வாங்கி உறையில போட்டு, "இதையாவது என்கிட்ட குடுத்து வைங்க"ன்னு பைக்குள்ள வச்சுக்கிட்டாங்க. முத்திரையை அவர் கனாயேகிட்ட நீட்டினார். "எங்க இருந்துச்சோ அங்கேயே வை"ன்னார்.

ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. நல்ல நாள் பார்த்துத்தான் வீட்டுக்கு வந்தார், இன்னும் ரெண்டு நாள் இருங்கன்னு டாக்டர் கெஞ்சினதை எல்லாம் கேட்காம.

அப்போ ஆள் திருந்திட்டார்னு நினைக்கறீங்க, இல்ல? இந்த ரகம் வால்வு மாத்தினா மாறுமா? டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார், கனாயே குறைச்சா. அடுத்த வாரமே குச்சி ரெண்டும் கிண்ணத்து மேல குறுக்க ஏறிடுச்சு.

"வக்கீலம்மாவை ஒரு எட்டு பார்க்கணும்."

"தாராளமா பாருங்க."

"முத்திரை குடு."

"ஜாடியிலதான் இருக்கு. இடுக்கி எட்டாது, இன்னும் ஆழமா வச்சிருக்கேன். கையை விட்டு எடுத்துக்கோங்க. அப்படியே அடியிலேருந்து நல்லா ஒரு தடவை கிளறி விடுங்க, எனக்கு இன்னிக்கு வேலை மிச்சம்."

பெரியவர் கோபமா எழுந்து போனார். சட்டைக் கையைச் சுருட்டி, தரையில மண்டி போட்டு, முழங்கை வரைக்கும் விட்டுத் தேடினார். கனாயே கதவுகிட்ட நின்னு, "இன்னும் கீழ… இடது பக்கம்… அது கத்திரிக்காய்"னு சொல்லிக்கிட்டே இருந்தா. முத்திரை கைக்கு வர்றதுக்குள்ள கோபம் எதுக்கு வந்துதுன்னே அவருக்கு மறந்து போச்சு. கையில வந்தது ஒரு வெள்ளரிக்காய். அதைக் கழுவி, அறுத்து, சாப்பிட்டுட்டுப் போய்ப் படுத்துட்டார். இப்போ மாசத்துல பாதி நாள் ஜாடி கிளறறது அவர்தான். தவிட்டைத் தட்டிச் சமமா விடக் கூடக் கத்துக்கிட்டார். உயில் மட்டும் வக்கீலம்மா பீரோவுல அப்படியே இருக்கு.

இதைப் படிச்சுட்டு, "எங்க மாமனாரும் இப்படித்தான்", "எங்க அத்தை இருக்காங்களே"ன்னு சிரிக்கறீங்க. சிரிங்க. ஆனா ஒண்ணு. இன்னிக்குச் சாப்பிடும்போது, சும்மா, ஒரு தடவை தொண்டையைச் செருமிப் பாருங்க. மத்தவங்க சாப்பிட்டுக்கிட்டே இருந்தா நீங்க தப்பிச்சீங்க.

எல்லாரும் தலையைக் குனிஞ்சுக்கிட்டு தட்டைப் பார்த்தாங்கன்னா, உங்க முத்திரையை எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்கன்னு அவங்களுக்கு எப்பவோ தெரியும்.