ரிமோட்டுக்கு ஒரு தோலுறை

ஹோம் தியேட்டர் வாங்கிய வாரமே வீட்டில் ஆட்சியை மாற்றுவது என்று முடிவெடுத்தேன். டி.வி.க்கு ஒன்று, டி.வி.டி.க்கு ஒன்று, டிஷ் பெட்டிக்கு ஒன்று, ஸ்பீக்கர்களுக்கு ஒன்று என நான்கு ரிமோட். நான்கும் என் மனைவி கெசியாவின் மடியில். அவள் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். இரண்டு தியேட்டரும் ஒருவரிடமே இருப்பது ஜனநாயகம் ஆகாது.

அப்துல் கஃபார் கடையில் யுனிவர்சல் ரிமோட் வாங்கினேன். எங்கள் வீட்டுப் பெட்டிகளுக்கு ஏற்றபடி அவரே செட் செய்து கொடுத்தார்.

"நாலு ரிமோட் வேலையும் இது ஒண்ணே பாக்கும் சார். கீழ மட்டும் போட்றாதீங்க. பேஜாராயிடும்."

நான் ஆம்பூர் ஷூ கம்பெனியில் ஃபினிஷிங் சூப்பர்வைசர். சாப்பாட்டு இடைவேளையில் ஆட்டுத்தோல் வெட்டுத்துண்டில் ஓர் உறை தைத்தேன். பட்டன்கள் தெரிய மேலே கண்ணாடித் தாள். மற்றபடி தலையிலிருந்து வால்வரை தோல். ஓரங்கள் மடிப்பு, இரட்டைத் தையல். எங்கள் ஜெர்மன் வாடிக்கையாளர் பார்த்திருந்தால் நின்ற இடத்தில் ஆர்டர் கொடுத்திருப்பார்.

வீட்டுக்கு வந்து அழுத்தினேன். டி.வி. என்னைப் பொருட்படுத்தவில்லை.

கெசியா வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முன்பக்கத்தைக் கட்டைவிரலால் தடவினாள்.

"தையல் பிரமாதங்க."

"தையல கேக்கல. ஏன் வேலை செய்யல?"

"எனக்கு இன்னா தெரியும்? கடையில காட்டுங்க."

கஃபார் உறையைக் கழற்றி, பேட்டரியைப் பார்த்து, கடை டி.வி.யை நோக்கி அழுத்தினார். உடனே உயிர் வந்தது.

"ரிமோட் சிங்கம் சார். உங்க வீட்லதான் ஏதோ கோளாறு."

உறையை மாட்டிக்கொண்டு திரும்பினேன். வீட்டில் மறுபடியும் மௌனம்.

"வீட்லதான் கோளாறாம்" என்றேன்.

"கல்யாணமான நாள்லேருந்து நானும் அதத்தான் சொல்றேன்."

"டியூப்லைட் வெளிச்சம் இடிக்குதோ?"

"இருக்கும். அணைச்சுப் பாருங்க."

அணைத்தேன்.

"ஃபேனையும் நிறுத்துங்க. காத்துல சிக்னல் கலையுதோ என்னவோ."

நிறுத்தினேன். வேர்த்ததுதான் மிச்சம். எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

"வெள்ளிக்கிழமை கிரிக்கெட் ஃபைனல். உன் சீரியல் நேரம். இந்த ரிமோட்ல மேட்ச் வந்தா எட்டு மணி என்னோடது. வரலைன்னா ஆயுசுக்கும் உன்னோடது."

"யோசிச்சுதான் சொல்றீங்களா?"

"சூப்பர்வைசர் பேச்சு."

வெள்ளிக்கிழமை. புது பேட்டரி. விளக்கில்லை, ஃபேன் இல்லை. அழுத்தினேன். நெருங்கி அழுத்தினேன். கடைசியில் டி.வி.க்கு ஒரு முழம் தள்ளி மண்டியிட்டு அழுத்தினேன்.

"ஜெபம் முடிஞ்சிதா? எட்டாச்சு" என்றாள். என் தலைக்கு மேலாகத் தன் பழைய ரிமோட்டை நீட்டினாள். ஐந்து ஸ்பீக்கரிலும் ஒரு மாமியார் அழுதாள்.

பக்கத்து வீட்டில் சர்தார் பாஷா குடும்பமே கத்தியது. சிக்ஸரா, விக்கெட்டா, தெரியவில்லை.

விளம்பரம் வந்தபோது கெசியா என் உறையை எடுத்து ஆசையாகத் தடவினாள்.

"என்னங்க, என் நாலு ரிமோட்டுக்கும் இதே மாதிரி தைச்சுக் குடுங்களேன்."

தோற்றவனுக்கும் தொழில் பெருமை உண்டு. "இதே டிசைனா?"

"இதேதான். முன்னாடி ஒரு குட்டி பல்பு இருக்குல்ல, அத மட்டும் மூடிடாதீங்க."