சிவப்புப் பக்கம் திருப்பினாலும் வராத சூடு

அன்பு மைத்துனருக்கு, உங்கள் அக்காவின் கணவர் எழுதுவது. இங்கே யாவரும் நலம். அங்கும் அவ்வாறே இருக்க வேண்டுகிறேன். நலம் என்று எழுதியதில் என் மூக்கு மட்டும் சேராது. அது பதினோரு நாளாக ஜில்லிட்டுக் கிடக்கிறது.

வேலை மாற்றலாகிப் போகும்போது நீங்கள் எங்களிடம் விட்டுப்போன காரில் ஹீட்டரைப் போட்டால் காற்று வருகிறது, சூடு வரவில்லை. குமிழைச் சிவப்புப் பக்கம் முழுசாகத் திருப்பினாலும் ஃபிரிட்ஜைத் திறந்த மாதிரிதான். இது புகார் இல்லை, தெரிந்துகொள்ளும் ஆசை. சனிக்கிழமை மகள் பத்து மாதப் பேத்தியோடு ரயிலில் வருகிறாள். "அந்தப் பனிப்பெட்டியில என் பேத்திய ஏத்த விடமாட்டேன், டாக்சி சொல்லிடுங்க" என்பது உங்கள் அக்காவின் தீர்ப்பு.

முப்பத்தொரு வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவன் அல்லவா, காரோடு வந்த கையேட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். நாற்பத்தாறு எழுத்துப்பிழை கிடைத்தது, சூடு கிடைக்கவில்லை. ஆனால் ஒன்று தெரிந்தது: ஹீட்டருக்கென்று தனி அடுப்பு எதுவும் கிடையாதாம். இன்ஜினைச் சுற்றி வரும் வெந்நீர்தான் உள்ளே வந்து காற்றைச் சூடாக்குகிறதாம். மாடிவீட்டு லாரி டிரைவர், "தண்ணி குறைஞ்சிருக்கும் சார், இன்ஜின் ஆறின பிறகு பாருங்க" என்றார். ஆறும் வரை பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். பார்த்தால் தண்ணீர் கோட்டில் சரியாக நிற்கிறது. ஓட்டிப் பார்த்தால் சூடு காட்டும் முள்ளும் நடுவில் நிற்கிறது, அதாவது இன்ஜின் நன்றாகவே சூடாகிறது. அப்போ அந்தச் சூடு எங்கதான் போகுது? சாப்பிடும்போதும் அதே யோசனை. "தட்டைப் பாத்துச் சாப்பிடுங்க" என்றாள் உங்கள் அக்கா.

கடைசியில் அவளையும் அழைத்துக்கொண்டு தெருமுனை மெக்கானிக்கம்மாவிடம் போனேன். அவர் பானெட்டைத் திறந்து, "இந்த ரெண்டு ரப்பர் குழாயையும் தொட்டுப் பாருங்க" என்றார். ரெண்டும் சுட்டது. "வெந்நீர் உள்ள போயிட்டு ஒழுங்காத் திரும்பி வருது. காத்துதான் அதத் தொடாம வேற வழியா வருது. உள்ள ஒரு தடுப்புப் பலகை இருக்கு, அதத் திருப்புற குட்டி மோட்டார் கெட்டிருக்கும். டிக் டிக்னு சத்தம் வருதா?" வருது! ஒரு மாசமா வருது. உங்கள் அக்கா பல்லின்னு சொன்னாள். நானும் நம்பி, அது நசுங்கிடப் போகுதேன்னு கதவைப் பார்த்துப் பார்த்துச் சாத்திக்கிட்டிருந்தேன். எனக்கு அந்த மோட்டாரைக் கண்ணால் பார்த்தே ஆகணும். சீட்டில் காலும் டாஷ்போர்டுக்குக் கீழே தலையுமாகப் புகுந்து டார்ச் அடித்தால், பிளாஸ்டிக் பல்சக்கரத்தில் மூணு பல் இல்லை. என்னைப் போலவே! சிரித்த சிரிப்பில் தோள் மாட்டிக்கிச்சு. மெக்கானிக்கம்மா ஒரு காலையும் உங்கள் அக்கா ஒரு காலையும் பிடித்து இழுத்தார்கள். "மெதுவாம்மா, ரெண்டும் ஒரே ஆளோட கால்" என்று மெக்கானிக்கம்மா சொல்ல வேண்டியதாயிற்று.

புதுப் பாகம் வரப் பத்து நாளாகுமாம். "அதுவரைக்கும் பலகையச் சூட்டுப் பக்கம் தள்ளி முட்டுக் குடுத்துடறேன்" என்று என் சட்டைப்பையிலிருந்த அழிரப்பரை வாங்கிச் செருகினார். சூடு வந்துச்சு மச்சான்! உங்கள் அக்கா இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு உட்கார்ந்து, "பரவாயில்லையே" என்றாள். முப்பத்துநாலு வருடத்தில் அவள் வாயிலிருந்து வந்த அதிகபட்சப் பாராட்டு. எனக்கா ஹீட்டருக்கா என்று நான் கேட்கவில்லை.

தங்கச்சிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசி. எல்லோரும் கைகால் சூடாக, தலை குளிர்ச்சியாக நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
உங்கள் அத்தான்

பி.கு.: தபாலில் சேர்ப்பதற்குள் சனிக்கிழமை வந்து போய்விட்டது. முட்டுக் கொடுத்த பலகையில் சூட்டைக் கூட்டவோ குறைக்கவோ வழியில்லை. ஸ்டேஷனிலிருந்து வரும் வழியில் பேத்தி தக்காளியாகச் சிவந்து வீறிட்டாள். "முதல்ல அந்த ரப்பரைப் பிடுங்குங்க!" என்று கத்தியது உங்கள் அக்காவேதான். ஓரமாக நிறுத்திப் பிடுங்கினேன். குளிர்காற்று குப்பென்று அடித்ததும் பேத்தி அழுகையை நிறுத்தி, வாயைத் திறந்து காற்றைக் கடிக்கப் பார்த்துச் சிரித்தாள். ஹீட்டரை அணைத்தால் திரும்ப அழுதாள். வீடு வரை நாங்கள் மூவரும் பல் கிட்டித்துப்போய் வந்தோம். புதுப் பாகம் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லியாச்சு. ஒரே ஒரு கேள்வி: சின்ன வயதில் நீங்களும் இப்படிக் குளிர்காற்றுப் பிரியர்தானா? உங்கள் அக்காவைக் கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறாள்.