கொட்டேஷன் மேஸ்திரியின் பதினோரு கடைகள்

நீடாமங்கலத்தில் பிறந்தவர்களில், வெறுமனே விலை விசாரித்தே ஒரு கடைக்காரரைக் காய்ச்சலில் படுக்க வைத்தவர் ஒருவர்தான். எங்கள் மரப்பட்டறையின் கொட்டேஷன் மேஸ்திரி. பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருக்கலாம், நான் பார்த்ததில்லை. கால் கிலோ ஆணி வாங்கவே மூன்று கடையில் கொட்டேஷன் கேட்பார். அப்படிப்பட்ட ஆளிடம் போய், "புது ரம்ப மெஷின் வாங்கணும், பாத்துட்டு வாங்கண்ணே" என்று சொன்னேனே, என் புத்தியை என்ன சொல்ல?

பழைய மெஷின் என்பது ஒரு இரும்பு மேசை, நடுவில் வட்ட ரம்பம், அவ்வளவுதான். மூடி கிடையாது, தடுப்பு கிடையாது. ஒருநாள் நான் போனில் பேசிக்கொண்டே பலகையைத் தள்ள, இடது ஆள்காட்டி விரலில் மூன்று தையல். மறுநாள் வந்து பார்த்தால் மெஷினில் ரம்பத்தைச் சுற்றவைக்கும் பெல்ட்டைக் காணோம்.

"பெல்ட் எங்கண்ணே?"

"எங்க வீட்டுல இருக்கு. புது மெஷின் வந்ததும் கொண்டாறேன்."

"புது மெஷினுக்கு இந்தப் பெல்ட் எதுக்கு?"

"அதான் தம்பி, எதுக்கு?"

நியாயமாகப் பார்த்தால் ஒரு வாரத்து வேலை. கத்தாரில் இருக்கும் பாய் ஒருவர் நன்னிலத்தில் வீடு கட்டிக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு கதவுகள் சொல்லியிருந்தார். லீவில் வந்ததும் அவர் குடிபோக வேண்டும். அந்த வேலையை நம்பித்தான் நான் மெஷின் வாங்கவே துணிந்தேன்.

மேஸ்திரி தஞ்சாவூர் போனார். திருச்சி போனார். கோயம்புத்தூருக்கே பஸ் ஏறினார். போன இடத்தில் சும்மா இருந்தாரா? கடைக்காரர் மரியாதைக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தால் குடிக்கமாட்டார். தளும்பத் தளும்ப இருக்கும் டம்ளரை ரம்ப மேசைமேல் வைத்து, "இப்ப சுவிட்சைப் போடுங்க" என்பார். ஒரு சொட்டு சிந்தினாலும் மெஷின் ஆடுகிறது என்று அர்த்தம்; அடுத்த கடை. சிந்தாவிட்டால் காப்பியைக் குடித்துவிட்டு விலையைக் குறைக்கச் சொல்வார்.

கோயம்புத்தூர்க்காரரிடம் அவர் கேட்டது இது: "எங்க பக்கம் குறுவை நடவுல ஊரே பம்புசெட்டு போடும். கரண்டு நூலாட்டம் வரும். அப்ப உங்க மெஷின் தேக்கு அறுக்குமாங்க?" அந்த மனிதருக்குக் கரண்டு தெரியும், தேக்கு தெரியும், குறுவை தெரியாது. மேஸ்திரி அரை மணி நேரம் குறுவை, சம்பா, தாளடி என்று நெல் சாகுபடிப் பாடம் நடத்திவிட்டு வெறுங்கையோடு திரும்பினார்.

"மெஷின் நல்ல மெஷின்தான் தம்பி. ஆளுக்குத்தான் விவசாயம் தெரியல" என்றார்.

வயிறு எரியுமா எரியாதா? மூன்று மாதம் இதே கதை. மூன்று குதிரைத்திறனா ஐந்தா, வார்ப்பிரும்பு மேசையா தகடா, தூசி உறிஞ்சும் குழாய் இலவசமா தனி விலையா. அவருடைய போனில் பேரப்பிள்ளை படத்தைவிட ரம்ப மெஷின் படம் அதிகம். பாயோ கத்தாரிலிருந்து தினமும் என்னைக் கூப்பிடுகிறார்.

"கதவில்லாத வீட்டுல எப்படிங்க குடிபோறது? வாசல்ல நானே நின்னுக்கவா?"

கடைசியில் பதினான்கு கதவுகளைத் திருவாரூரில் வேறொரு பட்டறைக்குக் கொடுத்துவிட்டார். மிச்சம் எட்டு. அன்று மேஸ்திரியிடம் கத்தித் தீர்த்தேன்.

"நீங்க பாத்தது போதும்ண்ணே. நாளைக்கு நானே போயி, இருக்கறதுலயே குறைஞ்ச விலையில ஒண்ணத் தூக்கிட்டு வரேன்."

வெற்றிலையை மடித்துக்கொண்டே, "அந்தத் திருச்சிக் கடைய மட்டும் ஒரு எட்டு பாத்துட்டு வாங்க தம்பி" என்றார். மன்னிப்பும் இல்லை, மண்ணும் இல்லை.

போனேன். ஊர்ப் பெயரைச் சொன்னதும் கடைக்காரர் எழுந்து நின்றுவிட்டார்.

"முருங்கக்காக்காரரு பட்டறையா நீங்க?"

எந்த முருங்கைக்காய் என்று கேட்டேன். அவர் சொன்னார்:

"காப்பிய வச்சுப் பாத்தாருங்க, சரின்னு விட்டேன். அப்புறம் மஞ்சப்பையிலேருந்து ஒரு முருங்கக்காய எடுத்தாரு. பலகையோட சேத்து அதையும் ரம்பத்துக்கிட்ட தள்ளுனாரு. எதுக்குங்கன்னு கேட்டேன். 'எங்க தம்பி போன்ல பேசிக்கிட்டே அறுப்பாரு, சொன்னா கேக்கமாட்டாரு. அவரு விரலு இப்படித்தான் வரும்'னாரு. பத்துக் கடையில காய் துண்டாயிடுச்சாம். இந்த மெஷின்லதான் மூடி தடுத்து ஒதுக்கித் தள்ளுச்சு. அப்பவும் நம்பாம நாலு தடவ வந்தாருங்க, நாலு முருங்கக்காயோட."

நான் நினைத்திருந்ததைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விலை. பேரம் பேசத் தோன்றவில்லை. கேட்டதைக் கொடுத்து வண்டியில் ஏற்றினேன். எட்டுக் கதவுகளும் பிறகு நேரத்துக்கு நன்னிலம் போய்ச் சேர்ந்தன.

மெஷினை இறக்கியதும் மேஸ்திரி கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"எவ்வளவு குறைச்சாரு?"

"நான் குறைக்கச் சொல்லலண்ணே."

தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "நாலு தடவ போயி மனுசனப் பதம் பண்ணி வச்சிருக்கேன். வாயத் தொறந்து ஒரு வார்த்த கேட்டா என்ன தம்பி, முத்தா உதுந்துடும்?"

சாயங்காலம் வரை விடவில்லை. என் பட்டறையில், என் ஆட்கள் முன்னால், என்னிடம் சம்பளம் வாங்குகிற மனிதர் என்னைத் திட்டுகிறார். வேறு வேலை எவ்வளவோ கிடந்தது. இன்னும் கொஞ்சம் திட்டட்டும் என்று அவர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.