குருவிக்கு வீடு பார்த்த கொம்பாஸ்

கொழும்பு வெள்ளவத்தை முழுவதிலும் திசை தெரிந்து வாழ்ந்தவர் ஒருவர்தான். அவர் கொம்பாஸ். மற்ற நாங்கள் எல்லோரும் கடற்கரைப் பக்கம், காலி வீதிப் பக்கம் என்ற இரண்டே திசைகளை வைத்துக்கொண்டு படித்து, உத்தியோகம் பார்த்து, கல்யாணமும் முடித்து, பிள்ளைகளையும் வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டவர்கள்.

அவருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். எங்கள் தொடர்மாடியில் அது யாருக்கும் தெரியாது. நில அளவையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பித்தளைத் திசைகாட்டி ஒன்று எப்போதும் சட்டைப் பையில் இருக்கும்; கொம்பாஸ் என்ற பட்டம் அதனால் வந்தது. யாருடைய வீட்டுக்குப் போனாலும் தேநீர் வருவதற்கு முன் அதை எடுத்து மேசையில் வைப்பார். என் வீட்டுக்கு முதல்முறை வந்தபோது சொன்ன முதல் வசனம் இதுதான்: "தம்பி, உம்மட சோபா பதினெட்டுப் பாகை பிழையா இருக்கு."

முச்சக்கர வண்டியில் ஏறினால் சாரதியிடம், "நேர போய் வடமேற்கால திரும்பும்" என்பார். அவன் வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பான். "அங்கிள், லெஃப்டா ரைட்டா?" "அது நீர் எந்தப் பக்கம் பாத்துக்கொண்டு நிக்கிறீர் எண்டதைப் பொறுத்தது." இப்படி ஒருமுறை மூன்று வண்டிகள் அவரை இடையில் இறக்கிவிட்டன. நான்காவது வண்டியைத் தேடாமல் நடந்தே வீடு வந்தார். சரியான திசையில்தான்.

இந்த மனிதருக்கு ஒருநாள் குருவிக்கு வீடு கட்டிக் கொடுக்கும் ஆசை வந்தது. எங்கள் கட்டடத்தின் பின்புறத்தில், மதிலுக்கும் தண்ணீர்த் தாங்கிக்கும் நடுவே ஒரு ஜம்பு மரம் நிற்கிறது. அதில் காலையில் ஒரு குருவி வந்து விசிலடிக்கும். கறுப்பும் வெள்ளையும், வாலை நிமிர்த்திக்கொண்டு பெரிய அதிகாரி மாதிரி உட்கார்ந்திருக்கும். சிங்களத்தில் பொல்கிச்சா. தமிழில் குண்டுக்கரிச்சான் என்று கொம்பாஸ்தான் எங்களுக்குச் சொன்னார். அதுவரை அது எங்களுக்கு வெறும் சத்தம்.

தொடர்மாடி வாட்ஸப் குழுவில் அவர் மரியாதையாக அனுமதி கேட்டார். "பின்பக்கத்தில் குருவிக் கூட்டுப் பெட்டி ஒன்று வைக்க விரும்புகிறேன்." முதல் பதிலாக ஒரு ரோசாப்பூவும் இனிய காலை வணக்கமும் வந்தன. அடுத்து, குருவியால் காய்ச்சல் வருமா என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர், தன் வாகனத்தின் மேல் எச்சம் விழுந்தால் யார் பொறுப்பு என்று கேட்டார். மாலைக்குள் அது ஒரு பிரச்சினை ஆகிவிட்டது. பிரச்சினை என்றால் கூட்டம் போட வேண்டும். கூட்டத்தைக் கூட்டியவன் நான். நான்தான் நிர்வாகக் குழுவின் செயலாளர். செயலாளரைத் தெரிவு செய்த அன்று நான் கூட்டத்துக்குப் போயிருக்கவில்லை. அதனால் வந்த பதவி.

தலைவர் எடுத்த எடுப்பில் சொன்னார், "முன் கேற்றடியில வைப்பம். வாற போற ஆக்கள் பாக்க வேணும்."

"குருவிக்கு ஆக்கள் பாக்கிறது விருப்பமில்லை," என்றார் கொம்பாஸ்.

இரண்டாம் மாடி அன்ரி வாஸ்து தெரிந்தவர். "கன்னி மூலையில வைச்சால்தான் விருத்தி."

"தென்மேற்கோ? வைகாசி மழை கடலில இருந்து நேர வந்து அங்கதான் அடிக்கும். அங்க வைச்சால் குஞ்சுகள் பறக்கிறதுக்கு முதல் நீந்தப் பழக வேணும்."

தலைவர் சமாதானத்துக்கு வந்தார். "சரி, இடத்தைப் பிறகு பாப்பம். சித்திரை வருசப் பிறப்பண்டு ஒரு பிரதம விருந்தினரைக் கூப்பிட்டுத் திறந்து வைப்பம்."

கொம்பாஸ் எழுந்தேவிட்டார். "சித்திரையில அது முட்டையோட நிக்கும்! வீடு தேடுறது அதுக்கு முதல். தையிலேயே வைச்சிட வேணும். நீங்கள் என்ன, பிள்ளை பிறந்தாப் பிறகோ ஆஸ்பத்திரி கட்டுவியள்?"

இறுதியில் நிர்வாகம் ஒரு நல்ல முடிவுக்கு வந்தது. இரண்டு பெட்டிகள். ஒன்று கொம்பாஸினுடையது, மற்றது உத்தியோகபூர்வமானது.

கொம்பாஸ் உடனே இடம் தேடத் தொடங்கினார். பிளாஸ்ரிக் கதிரை ஒன்றைப் பின்முற்றத்தில் போட்டு, கொப்பியும் பென்சிலுமாக இரண்டு வாரம் உட்கார்ந்தார். மணிக்கொரு தடவை நிமிர்ந்து சுவரைப் பார்ப்பார், எழுதுவார். நான்காம் நாள் எனக்கு எழுத்தில் முறைப்பாடு வந்தது: ஒரு முதியவர் குளியலறை ஜன்னல்களைப் பார்த்துக் குறிப்பெடுக்கிறார். செயலாளர் என்ற முறையில் விசாரிக்கப் போனேன்.

"அங்கிள், மூண்டாம் மாடியில இருந்து ஒரு கொம்ப்ளெயின்ட்..."

"மூண்டாம் மாடி ஜன்னல் கிழக்குப் பாத்தது, தம்பி. காலமை வெயில் முழுக்க அதிலதான். எனக்கு அது பிரயோசனமில்லை."

முறைப்பாடு அத்துடன் முடிந்தது. அவர் நிழல் எங்கே எவ்வளவு நேரம் விழுகிறது என்றுதான் எழுதியிருந்தார். தை மாதம் பெட்டி ஏறியது. பழைய பலகை, வர்ணம் கிடையாது. நுழைவாசல் காகத்தின் தலை போகாத அளவு. உட்காரக் கம்பும் கிடையாது. "கம்பு குருவிக்குத் தேவையில்லை, காகத்துக்குத்தான் வசதி." அடியில் தண்ணீர் வடிய நான்கு துளைகள். உப்புக் காற்றில் துருப்பிடிக்காத பித்தளை ஸ்குரூ. பூனை பாயக்கூடிய கொப்பு எதுவும் எட்டாத சுவரில், ஒன்றரை ஆள் உயரத்தில், வடகிழக்கைப் பார்த்தபடி.

உத்தியோகபூர்வப் பெட்டி சித்திரையில் திறக்கப்பட்டது. சிவப்புக் கூரை, இளஞ்சிவப்புச் சுவர், முன்னால் பல்கனி. கீழே நிர்வாகக் குழுவினர் எல்லோருடைய பெயரும் பொறித்த தகடு. கேற்றுத் தூணில், கடலைப் பார்த்து. நாடா வெட்டினார்கள். புதுவீடு என்பதால் பாலும் காய்ச்சினார்கள். பால் பொங்கி முடிவதற்குள் ஒரு காகம் வந்து பல்கனியில் உட்கார்ந்து எல்லோரையும் பார்த்தது. அதுதான் பிரதம விருந்தினர் என்று நினைத்துக்கொண்டோம். பின்னேர வெயிலில் அந்தப் பெட்டிக்குள் பாண் சுடலாம். வைகாசியில் கூரை கடற்காற்றோடு காலி வீதிப் பக்கம் போனது. கடைசியில் வாசல் காவலாளி அதற்குள் தன் வெற்றிலையை வைக்கத் தொடங்கினார். பயன் இல்லை என்று சொல்ல முடியாது.

கொம்பாஸின் பெட்டிக்கும் அந்த வருடம் யாரும் வரவில்லை. தலைவர் படியில் சந்திக்கும்போதெல்லாம், "என்ன, வாடகைக்கு ஆள் வந்ததோ?" என்பார்.

"முதல் வருசம் பாத்திட்டுப் போகும். நாங்களும் அப்பிடித்தானே வீடு பாக்கிறனாங்கள்," என்பார் கொம்பாஸ். மார்கழியில் பெட்டியைக் கழற்றித் துடைத்து அதே இடத்தில் மாட்டினார்.

அடுத்த பங்குனியில் வந்தது. ஆண் குருவி ஜம்பு மரத்தில் நின்று அதிகாரம் பண்ண, பெண் குருவி தும்பும் வேருமாகக் காவிக்கொண்டு உள்ளே போனது. கொம்பாஸ் வாட்ஸப்பில் ஒன்றும் போடவில்லை. என் கதவைத் தட்டி, காதுக்குள், "ஆக்கள் வந்திட்டினம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த நேரம் பார்த்துத் தலைவரின் மகளுக்குக் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் லண்டன். கல்யாணத்துக்கு மறுநாள் அவர்களுக்குப் பின்முற்றத்தில் விருந்து. ஆகவே கட்டடத்துக்கு வர்ணம் பூச முடிவானது. தெமட்டகொடையிலிருந்து ஒரு பெயிண்ட் பாஸ், வர்ணம் பூசும் மேஸ்திரி, தன் ஆட்களோடு வந்தார். பூர்வீகம் ஹட்டன் பக்கம். ஏறி நின்று பூசுகிற சாரக் கம்புகளைக் கொண்டுவந்து நேரே பின்சுவரில் சாத்தப் போனார். அங்கே பிளாஸ்ரிக் கதிரையில் கொம்பாஸ்.

"ஐயா, கொஞ்சம் எந்திரிங்க. ஒரே நாளுல முடிச்சிட்டுப் போயிருவோம்."

"உமக்கு ஒரு நாள். அதுக்கு இன்னும் கிட்டத்தட்ட ஒரு மாசம்."

விஷயம் தலைவருக்குப் போனது. அவர் கையில் அழைப்பிதழ்க் கட்டோடு இறங்கி வந்தார். "என்ன விளையாட்டு இது? பெட்டியைக் கழற்றி அங்கால மதிலில கொழுவுங்கோ. முட்டைக்கு என்ன, விலாசம் தெரியவே போகுது?"

கொம்பாஸ் கதிரையை இன்னும் ஓரடி சுவரோடு நெருக்கிப் போட்டு உட்கார்ந்தார்.

"எத்தினை முட்டை கிடக்கு?" என்று தலைவர் கேட்டார்.

"தெரியாது."

"தெரியாதோ? ஒண்டரை வருசமா இதே வேலையாத் திரியிறியள். உள்ளுக்கு எட்டிப் பாக்கேல்லையோ?"

"ஏணி வைச்சுப் பாத்தால் அது பயந்து விட்டிட்டுப் போயிடும்," என்றார் கொம்பாஸ். குரல் மிகவும் தணிந்திருந்தது. "எனக்கும் பாக்க ஆசைதான். ஆனா பாக்கேல்லை."

சோபாவின் பாகையை அளந்தவர், நிழலை மணிக்கணக்கில் எழுதியவர், தான் மிகவும் அறிய விரும்பிய ஒன்றை அறியாமலே இருந்திருக்கிறார்.

பாஸ்தான் வழி சொன்னார். சாரக் கம்புகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு தலைவரிடம், "நாங்க மத்த மூணு பக்கமும் அடிச்சிர்றோம் சார். இந்தப் பக்கம் குஞ்சு பறந்ததும் கூப்பிடுங்க, வந்து முடிச்சுக் குடுக்கிறேன்" என்றார். தலைவர் என்னைப் பார்த்தார். நான் செயலாளர் குரலில், "மூண்டு பக்கம் எண்டால் பெரும்பான்மை, சேர்" என்றேன். என் பதவிக்காலத்தில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அது.

விருந்தன்று பின்சுவர் பாசியோடுதான் நின்றது. கொம்பாஸின் வற்புறுத்தலால் பந்தலைப் பன்னிரண்டு அடி தள்ளிப் போட்டார்கள். பாட்டுப் பெட்டி முன்பக்கம் போனது. மாப்பிள்ளையின் தகப்பன் சாப்பாட்டுக் கோப்பையைக் கையில் வைத்தபடியே, தாய்க் குருவி புழுவோடு வந்து போவதைத் தொலைபேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். "கொழும்புக்குள்ள இப்பிடியோ!" என்று வியந்தார். தலைவர் நெஞ்சை நிமிர்த்தினார். "இது எங்கட கொமிற்றியின்ர புறொஜெக்ட். இடம், காலம் எல்லாம் ஆராய்ஞ்சு செய்தது." அடுத்த மேசையில் கொம்பாஸ் தலையைக் குனிந்து பாயாசம் குடித்துக்கொண்டிருந்தார்.

நான்கு நாள் கழித்துக் குஞ்சுகள் பறந்தன. அந்த நேரத்தில் கொம்பாஸ் அங்கே இல்லை. மாதம் ஒருமுறை பிரஷர் பார்க்கிற சனிக்கிழமை. கிளினிக் வரிசையில் நின்றுகொண்டிருந்தார். தற்செயலாகக் குப்பை போட இறங்கிய நான்தான் கண்டேன். அவர் மத்தியானம் மருந்து உறையோடு வந்து கதிரையில் உட்காரப் போனபோது, சொல்லத்தான் வேண்டியிருந்தது.

"அங்கிள், போயிட்டுதுகள். மூண்டு."

அவர் உட்காரவில்லை. "மூண்டோ?" என்றார். பிறகு, "எப்பிடிப் போச்சுதுகள்? சொல்லும்."

சொன்னேன். முதலாவது வாசலில் நின்று தயங்கியதை, தாய் ஜம்பு மரத்திலிருந்து கூப்பிட்டதை, இரண்டாவது நேரே நிலத்தில் விழுந்து எழும்பியதை, மூன்றாவது யாரையும் கேட்காமல் பறந்ததை. "இன்னொருக்கா சொல்லும்" என்றார். சொன்னேன். மறுபடியும் கேட்டார். நான்காம் முறை வெறும் வாயால் சொல்லிப் போதவில்லை. வங்கியில் முகாமையாளராக இருக்கும் நான், மூன்று மாடியும் பல்கனியில் நின்று பார்க்க, வாகனத் தரிப்பிடத்தின் நடுவே இரண்டு கைகளையும் விரித்து அடித்துக்கொண்டு ஓடிக் காட்டினேன். கொம்பாஸ் மருந்து உறையை நெஞ்சோடு பிடித்தபடி, இமை கொட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவர் இப்போது கல்கிசையில் மகளோடு இருக்கிறார். அன்று ஐந்தாம் முறையும் கேட்டிருந்தால், பறந்தே காட்டியிருப்பேன்.