நான்காம் அதிகாரமும் பேச்சாயியின் எருமையும்

திண்டுக்கல்,
28-5-59

கர்த்தருக்குள் அன்பான அக்காவுக்கு, தங்கை பொன்னழகு ஸ்தோத்திரத்துடன் எழுதுவது. இங்கே அம்மா நலம், நான் நலம், இன்று அழிந்திருக்க வேண்டிய ஊரும் நலம். அத்தானும் பிள்ளைகளும் சுகமா?

அப்பா, நினிவேக்கு யோனா தீர்க்கதரிசி வைத்தது போல, ஊர் அழியும் என்று நாற்பது நாள் கெடு வைத்த அன்று நான் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. யோனாவின் புத்தகம் கெடுவோடு முடியவில்லை. நினிவே மனந்திரும்பியது, கர்த்தர் மன்னித்தார், ஏன் மன்னித்தீர் என்று தீர்க்கதரிசி கோபித்துக்கொண்டார். நான்காம் அதிகாரம் வரை கதை இருக்கிறது. அதைச் சொல்லியிருந்தால் ஆசிரியப் பயிற்சிப் பள்ளி விண்ணப்பப் படிவத்தில் அன்றே கையெழுத்து வாங்கியிருப்பேன். ஆனால் ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அன்றுதான் அப்பா முகச்சவரம் செய்து, டிக்கெட் பரிசோதகரின் கறுப்புக் கோட்டை மாட்டியிருந்தார். அந்த உற்சாகத்தைக் கெடுக்க மனமில்லாமல் கோட்டுக்குப் பொத்தான் தைத்துக் கொடுத்தேன்.

"ஒருத்தன் டிக்கெட் எடுக்கலேன்னா அவனுக்கு அபராதம். பெட்டி பூரா எடுக்கலேன்னா வண்டியையே நிப்பாட்டணும்ல? தேசத்துக்கும் அதான் சட்டம்!" என்று கடைவீதியில் முழங்கினார். "அழியப்போற ஊர்ல இருந்துக்கிட்டு விண்ணப்பம் எதுக்குடி?" என்று என் படிவத்தையும் வாங்கி வைத்துக்கொண்டார். ஜூன் பத்தாம் தேதிக்குள் அது போய்ச் சேராவிட்டால் எனக்கு வயது வரம்பு தாண்டிவிடும், உனக்குத் தெரியும்.

முதலில் மனந்திரும்பியவர் பால்கார நாச்சிமுத்து. தண்ணீர் சேர்ப்பதை நிறுத்தினார், பால் பாதித் தெருவோடு தீர்ந்துபோயிற்று, காப்பி கிடைக்காத மீதித் தெரு நம் வீட்டு வாசலில் வந்து நின்று, "யோவ், அழியுறவரைக்கும் காப்பி குடிக்க வேணாமா?" என்று சத்தம் போட்டது. அடுத்தது பின்தெருப் பேச்சாயி. நினிவேயில் மிருகங்களும் இரட்டு என்னும் சாக்கை உடுத்தி உபவாசம் இருந்தன என்று அப்பா சொல்ல, அவள் கெடுவின் கடைசி மூன்று நாளும் தன் எருமைக்குப் புகையிலைச் சாக்கைக் கட்டிப் பட்டினி போட்டாள். அது தும்மிய தும்மலில் எதிர்வீட்டு ஓடு இரண்டு சரிந்தது. "ஏன்யா டிக்கெட்டய்யா, மனுசன் செஞ்ச பாவத்துக்கு எருமை ஏன்யா காயணும்?" என்று கேட்டாள். "தேசத்துக்குத் தண்டனைன்னா எருமைக்குத் தனிப் பெட்டி கிடையாதும்மா," என்றார் அப்பா.

இன்று நாற்பதாம் நாள். விடிந்ததும் அப்பா ஊருக்குக் கிழக்கே போய், சோளத்தட்டையில் ஒரு குடிசை போட்டு, அழிவைப் பார்க்க உட்கார்ந்துவிட்டார். நான் பகல் சாப்பாடு கொண்டுபோனபோது குச்சிகள் மட்டும் நின்றன. கட்டறுத்து வந்த எருமை, சாக்கு உடுத்தபடியே, கூரை முழுவதையும் தின்று முடித்திருந்தது. வெயிலில் கோட்டோடு அப்பா.

"படிவம் எங்கேப்பா?"

"அதுகிட்டக் கேளு. தட்டையில சொருகி வச்ச காகிதம் பூரா உள்ள போயிருச்சு. ஊரும் அழியல. நான் பொய்யனாயிட்டேன்."

கயிறும் கையுமாக ஓடிவந்த பேச்சாயி திட்டினாள்: "ஊரு பொழைச்சதுக்கா மூஞ்சியத் தூக்குறீரு? அம்புட்டுச் சனம் இருக்கு, என் எருமை இருக்கு, அதுகளுக்காச்சும் உம்ம சாமி எரங்கக் கூடாதா?"

அக்கா, நான்காம் அதிகாரத்தின் கடைசி வசனத்தில் கர்த்தர் யோனாவிடம் கேட்பது ஏறக்குறைய இதுவேதான். வேதாகமத்தைத் தொட்டும் பாராதவள் சொல்கிறாள். அப்பா கோட்டைக் கழற்றினார்.

அத்தானிடம் சொல்லி, யாரையாவது பிடித்து வேறொரு படிவம் உடனே அனுப்பச் சொல். பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். அம்மாவும் அப்பாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார்கள். அப்பா தலையை மட்டும் அசைத்தார்.

அன்புள்ள தங்கை,
பொன்னழகு

பின்குறிப்பு (29 காலை): படிவம் வேண்டாம். அந்த வசனத்தைச் சரிபார்க்க அப்பாவின் வேதாகமத்தைத் திறந்தேன். நான்காம் அதிகாரத்தில் என் படிவம் இருந்தது, கெடு வைத்த அன்றைய தேதியிட்டு, கையெழுத்துடன். எருமை தின்றது, நாற்பது நாளாக அவர் எழுதி வந்த ஊரின் பாவப் பட்டியலைத்தான் என்று கேட்டபோது ஒப்புக்கொண்டார். படிவத்தைத் தபாலில் சேர்த்துவிட்டேன். நாச்சிமுத்து மறுபடி பாலில் தண்ணீர் சேர்க்கிறார். இன்று தெரு முழுவதும் காப்பி குடித்தது.