மௌன அஞ்சலியில் ஊதிய விசில்

என் வாழ்க்கையில் மொத்தம் இரண்டே முறைதான் விசில் ஊதியிருக்கிறேன். இரண்டுக்கும் நடுவில் ஒரு நிமிடம்கூட இருக்காது. அதற்குள் ஒரு நல்ல மனிதரை மேலே அனுப்பப் பார்த்தேன் என்று இன்றைக்கும் ஒரு கட்சி சொல்லிக்கொண்டிருக்கிறது. (அந்தக் கட்சியின் தலைவி அவருடைய மனைவி.)

என் அப்பா சங்கரன்கோவிலில் ஒரு பள்ளியில் முப்பது வருடம் பி.டி. வாத்தியாராக இருந்தவர். இளவயதில் எண்ணூறு மீட்டர் ஓட்டக்காரர். மாநிலப் போட்டியில் கடைசி வளைவு வரை முன்னால் வந்து, அங்கே தொடைச் சதை பிடித்துக்கொள்ள, நொண்டி நொண்டி ஆறாவதாக முடித்தார். மற்றவர்கள் முதல் பரிசைப் பற்றிச் சொல்லும் பெருமையோடு அந்த ஆறாவது இடத்தைப் பற்றிச் சொல்வார். பிறகு தன் ஓட்டத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு ஊரார் பிள்ளைகளை ஓட வைத்தார். திருவேங்கடம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து செருப்பில்லாமல் வந்த பையன்கள் அவர் கையில் பட்டு போலீஸிலும் பட்டாளத்திலும் சேர்ந்தார்கள்.

அவர் கையில் பட்டும் தேறாதவன் நான் ஒருவன்தான். எட்டாம் வகுப்பில் நான் ஓடிய ஒரே பந்தயத்தில், நான் கோட்டைத் தொடுவதற்குள் பரிசளிப்பு முடிந்து சாமியானாவைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அப்பா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. என் தோளில் துண்டைப் போட்டு, "முடிச்சிட்டேல்லா, அது போதும்" என்றார். அவரை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

மைதானத்தில் அவர் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. எல்லாம் விசில்தான். நீளமாக ஒன்று என்றால் ஓடு. ஓட ஆரம்பித்த பிறகு யார் கூப்பிட்டாலும், பெற்றவர்களே வந்து கத்தினாலும், அவர் விசில் வராமல் நிற்கக் கூடாது. இது சட்டம். வீடு மைதானத்துக்குப் பின்னாலேயே இருந்தும், நான் அந்தச் சட்டத்துக்கு வெளியே, லைப்ரரியில் வளர்ந்தவன்.

அப்பா போய் ஒரு வருடம் ஆனபோது அவருடைய பழைய மாணவர்கள் சேர்ந்து, அதே மைதானத்தில் அவர் பெயரில் பிள்ளைகளுக்கு ஓட்டப்பந்தயம் வைத்தார்கள். நான் மதுரையில் இன்சூரன்ஸ் ஆபீஸில் இருந்து லீவு போட்டு வந்தேன். கிளம்பும்போது அம்மா, "எல்லாரும் வாராவ. அப்பா பேரு கெட்டுராமப் பாத்துக்கோலே" என்றாள்.

நிகழ்ச்சி நிரல் சுலபமானது. அப்பா படத்துக்கு மாலை. இரண்டு நிமிடம் மௌன அஞ்சலி. முடிந்ததும் நான் விசில் ஊத வேண்டும், பிள்ளைகள் ஓட வேண்டும். புளியங்குடியில் எலுமிச்சை மண்டி வைத்திருக்கும் சண்முகவேல் அண்ணாச்சி, அப்பாவின் முதல் செட் மாணவர், விசிலை என் கழுத்தில் மாட்டினார். "சார் விசில் தம்பி. ஒங்க கழுத்துலதான் கெடக்கணும்" என்றார். ஆள் நூறு கிலோவுக்குக் குறையமாட்டார்.

மௌனம் தொடங்கியது. மைக்செட்காரர் மரியாதையாக மைக்கை அணைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். பழைய மாணவர்கள் நாற்பது பேர், பழக்கதோஷத்தில், வேட்டியும் பேண்டுமாக ஓட்டக்கோட்டில் வரிசையாக நின்று தலை குனிந்தார்கள். என் கண் கடிகாரத்தில். நேரம் தவறிவிடக் கூடாதே என்று முன்கூட்டியே விசிலை வாயில் வைத்துக்கொண்டேன். (இதுதான் நான் செய்த மகா முட்டாள்தனம்.)

ஒன்றரை நிமிடம் தாண்டியது. தெரியாமல் படத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டேன். துண்டைத் தோளில் போட்டபோது பார்த்த அதே முகம். அழுகை முட்டியது. இவ்வளவு பேர் முன்னால் அழக் கூடாது என்று பல்லைக் கடித்து அடக்கினேன். அடக்கினது அங்கே போய் இங்கே போய், கடைசியில் விசில் வழியாக வெளியே வந்தது. நீளமாக. மைதானமே அதிரும்படி.

நாற்பது பேரும் ஓடினார்கள்.

யோசித்து ஓடவில்லை, கால் தானாக ஓடியது என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள். ஒரு தாசில்தார் ஓடினார். இரண்டு தலைமையாசிரியர்கள் ஓடினார்கள். ஓட வேண்டிய பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்கே முதலில் சிரிப்புதான் வந்தது.

அப்போது சண்முகவேல் அண்ணாச்சியின் மனைவி என் கையைப் பிடித்தார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"தம்பி, அவுகளுக்கு நெஞ்சுல ஸ்டென்ட் வச்சு மூணு மாசங்கூட ஆகல. மாடிப்படியே ஏறக் கூடாதுன்னு சொல்லிருக்காவ. நிப்பாட்டுங்க."

மைக்கை நோக்கிப் பாய்ந்தேன். மைக்கில் "நில்லுங்க" என்று கத்தினேன். மைக் செத்துக் கிடந்தது. விசிலைச் சின்னதாக ஒருமுறை ஊதினேன். நாற்பது பேரும் வேகத்தைக் கூட்டினார்கள். (சின்னதாக ஒன்று ஊதினால் 'இன்னும் வேகம்' என்று அர்த்தமாம். எனக்கு யார் சொன்னார்கள்?) அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எட்டாவது ஆளாக வளைவில் திரும்பினார். சட்டை நனைந்திருந்தது, வாய் திறந்திருந்தது. அப்பாவின் முதல் நினைவு நாளில் அவருடைய முதல் மாணவரை நானே கொல்லப்போகிறேன் என்று உறுதியாக நம்பினேன்.

துரத்தினேன். "அண்ணாச்சி, நில்லுங்க" என்று கத்திக்கொண்டே அரைச் சுற்று ஓடினேன். ஸ்டென்ட் வைத்தவரை என்னால் பிடிக்க முடியவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு குறுக்கே திரும்பி வந்தேன். அவர்கள் இரண்டாவது சுற்றுக்குள் போய்விட்டார்கள்.

முன் வரிசை நாற்காலியிலிருந்து அம்மா எழுந்து வந்தாள். இந்த மைதானத்துக்குள் அவள் கால் வைத்தது அன்றுதான் முதல்முறை.

"குடுலே அத" என்று என் கழுத்திலிருந்து விசிலை உருவி, முந்தானையில் துடைத்து, ஊதினாள். சின்னதாக இரண்டு, நீளமாக ஒன்று.

நாற்பது பேரும் நின்றார்கள். நின்ற இடத்திலேயே உட்கார்ந்து, அப்பா பழக்கியபடி மணிக்கட்டில் விரலை வைத்து நாடி எண்ணினார்கள். அண்ணாச்சியும் எண்ணிக்கொண்டிருந்தார். நான் போய் அவர் முன்னால் மண்டியிட்டேன். வெகுநேரம் மூச்சு வாங்கியது. பிறகு, "சார் போனதுக்கப்புறம் இன்னைக்குத்தான் தம்பி மனசு லேசா இருக்கு" என்றார். அவர் மனைவி தண்ணீரைக் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையை எழுத மாட்டேன். அன்றைக்கே டாக்டரிடம் காட்டினோம். ஒன்றும் இல்லை என்றார், என்னைத் திட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம், "ஒனக்கு எப்படிம்மா அந்த விசில் தெரியும்?" என்று கேட்டேன்.

"முப்பது வருசமா அடுப்படி ஜன்னல் வழியா கேட்டுக்கிட்டுல்லா கெடந்தேன். அந்த விசில் வந்ததும் தோசைக்கல்லப் போடுவேன். ஒங்கப்பா மைதானத்தச் சுத்தி வீடு வந்து சேருததுக்கும் மொத தோசைக்கும் சரியா இருக்கும்" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். அந்த ஒரு வருடத்தில் அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான். நானும் அழுதேன், இந்தத் தடவை வாயில் எதுவும் இல்லாமல்.

இப்போது வருடா வருடம் ஊதுவது அம்மாதான். எனக்கு நாற்காலி அடுக்கும் வேலை. வீட்டில் நான் கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டால் போதும், என் மகள் பக்கத்தில் இருப்பவர்களிடம், "எல்லாரும் ஓடுறதுக்கு ரெடியா இருங்க" என்பாள்.

நினைவு நாளுக்கு அழைக்க புளியங்குடிக்குப் போன் செய்தால் அண்ணாச்சியின் மனைவிதான் எடுப்பார். நலம் விசாரிப்பெல்லாம் அப்புறம். முதலில், "விசிலு யாரு கையில?" என்று கேட்பார்.

"அம்மா கையில."

"அப்பஞ் சரி, அவுகள அனுப்புதேன்" என்று போனை வைத்துவிடுவார்.